பட்டறை பதில்கள்: ரெண்டு வாய் மேனிஃபோல்டுக்கு ஒத்தை பைப் சைலன்சர்

இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல சைலன்சர் தான். மழை நின்னதும் வண்டிய எடுத்தா அடியில இருந்து டமடமன்னு சத்தம் வருது, அப்புறம் தான் எல்லாருக்கும் குனிஞ்சு பாக்கணும்னு தோணுது போல. அதனால இந்த இதழ் முழுக்க புகை போற வழி மட்டும் தான், பிரேக்கும் கிளட்ச்சும் கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: அண்ணே வணக்கம். எங்க பெரியப்பா விட்டுட்டுப் போன 1967 எம்ஜிபி ரோட்ஸ்டர், இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார், வீட்டு ஷெட்ல நிக்குது. இன்ஜின் ஓடுது, சைலன்சர் மட்டும் மொத்தமா மக்கிப் போச்சு. அமெரிக்காவுல இருக்குற மச்சான், அங்க ஒரு எம்ஜிபிய பிரிச்சு வித்தவங்க கிட்ட முழு எக்ஸாஸ்ட் செட்டையும் சல்லிசா வாங்கி, வீட்டு சாமானோட கன்டெய்னர்ல போட்டு அனுப்பிட்டார். வந்ததுக்கு அப்புறம் தான் தெரியுது அது 1977 மாடலோடதுன்னு. என் மேனிஃபோல்டுல, அதான் இன்ஜின் புகைய சேத்து பைப்புக்கு அனுப்புற இரும்புல, கீழ ரெண்டு வாய் இருக்கு, வந்த பைப்புல ஒரே வாய். என் பழைய பைப் ஒன்னே முக்கால் இன்ச், இது ரெண்டு இன்ச். ஹேங்கர் ஒன்னும் இடத்துக்கு வரல. எங்க ஏரியா மெக்கானிக் "ஒரு வாய பிளேட் வச்சு அடைச்சிட்டு இன்னொன்னுல மாட்டிக்கலாம், இதுக்குப் போயி இன்னாத்துக்கு யோசிக்கிற நைனா"ன்றார். செய்யலாமா?
பெரம்பூர் வாசகர்

பதில்: தம்பி, அந்த பிளேட்டை மட்டும் வெட்ட விட்டுடாதீங்க. மத்தது எல்லாம் சரி பண்ணிக்கலாம், இது சரி பண்ண முடியாத வேலை.

ஏன்னு சொல்றேன். உங்க 1798 சிசி இன்ஜின்ல சிலிண்டர் 4, ஆனா ஹெட்ல புகை வெளிய வர்ற ஓட்டை 3 தான். 1-வது சிலிண்டருக்கு ஒன்னு, 4-வதுக்கு ஒன்னு, நடுவுல இருக்குற 2-ம் 3-ம் சேந்து ஒரே ஓட்டைய பங்கு போட்டுக்குது. மேனிஃபோல்டுக்குள்ள ஓரத்து ரெண்டும் சேந்து ஒரு வாய்க்கு வருது, நடு ஓட்டை தனியா இன்னொரு வாய்க்கு வருது, ரெண்டுக்கும் நடுவுல வழியே கிடையாது. அப்ப ஒரு வாய அடைச்சா ரெண்டு சிலிண்டருக்கு புகை போற வழி குளோஸ், எரிஞ்ச காஸ் உள்ளயே மாட்டிக்கும், புது பெட்ரோல் காத்து உள்ள வர இடம் இருக்காது, வண்டி ரெண்டு சிலிண்டர்ல தடதடன்னு ஆடும், அதோட எக்ஸாஸ்ட் வால்வும் அந்த பக்க கேஸ்கெட்டும் சூட்டுல போயிடும்.

இன்னொரு விஷயமும் இருக்கு, எனக்கு இந்த இன்ஜின்ல ரொம்ப பிடிச்ச விஷயம். இதோட ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர் எரியுற வரிசை, 1-3-4-2. மேல சொன்னதோட வச்சுப் பாருங்க, 1 ஓரம், 3 நடு, 4 ஓரம், 2 நடு. ஒரு தடவை இந்த வாய்ல புகை தள்ளுச்சுன்னா அடுத்த தடவை அந்த வாய்ல, இப்படி மாத்தி மாத்தி தான் வரும், ஒன்னு மேல ஒன்னு மோதாது. அதனால தான் மேனிஃபோல்டுல இருந்து கீழ இறங்குற ரெண்டு டௌன் பைப்பையும் கொஞ்ச தூரம் தனித்தனியா கொண்டு போயி, கீழ சேத்து ஒரே பைப்பா பின்னாடி அனுப்பியிருக்காங்க. அழகுக்காக ரெண்டா வச்சது இல்ல.

சரி, அப்ப 1977-ல மட்டும் எப்படி ஒத்தை பைப்? அமெரிக்காவுல புகை சட்டம் இறுக்கமானதும் 1975 மாடல்ல இருந்து அங்க போன எம்ஜிபிக்கு ட்வின் எஸ்யூ, அதாவது ரெண்டு எஸ்யூ கார்புரேட்டர கழட்டிட்டு ஒரே ஒரு ஜெனித் ஸ்ட்ராம்பர்க் கார்புரேட்டர் போட்டாங்க, மேனிஃபோல்டையும் மாத்தி ஒத்தை டௌன் பைப் ஆக்கிட்டாங்க. அதே சமயத்துல தான் கருப்பு ரப்பர் பம்பர் வந்துச்சு, ஹெட்லைட் பம்பர் உயர விதிக்காக வண்டியையே சுமார் ஒன்றரை இன்ச் தூக்கியும் விட்டாங்க. உங்களது குரோம் பம்பர் வண்டி, அதாவது உயரம் கம்மி. அந்த சைலன்சர் அங்க தரைக்கு மேல தாராளமா நின்னுருக்கும், உங்க வண்டியில அதே தொங்கல்ல மாட்டினா பெரம்பூர்ல இருந்து மூலக்கொத்தளம் போறதுக்குள்ள எத்தனை ஸ்பீடு பிரேக்கர் இருக்கோ அத்தனையிலயும் தட்டும். பேரு எம்ஜிபின்னு ஒன்னா இருந்தாலும் முன்பக்க விஷயத்துல ரெண்டும் வேற வண்டின்னே வச்சுக்கோங்க. வந்த செட்டுல முன்னாடி தகர டப்பா மாதிரி கனமா, உள்ள தேன்கூடு போல ஓட்டை ஓட்டையா ஒன்னு இருந்தா அது புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், அத எடுத்து ஓரமா வச்சிடுங்க, இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அது உங்க வண்டிக்கு அடைப்பு தான்.

இப்ப என் யோசனை. மேனிஃபோல்டுல இருந்து ரெண்டு பைப்பும் ஒன்னா சேர்ற இடம் வரைக்கும் உங்க வண்டிக்குன்னு இருக்குற பார்ட் தான் வேணும், அதுல சமரசம் வேணாம். அதுக்குப் பின்னாடி எது நல்லா இருக்கோ, எது கைவசம் இருக்கோ அத போட்டுக்கலாம், இன்ஜினுக்கு வித்தியாசம் பெருசா தெரியாது. எம்ஜிபி 1962-ல இருந்து 1980 வரைக்கும் 5 லட்சத்துக்கு மேல செஞ்ச வண்டி, அதனால ட்வின் டௌன் பைப் மட்டும் தனியா இன்னிக்கும் இங்கிலாந்துல புதுசா செய்யுறாங்க. முழு செட்டு வரவழைச்சா ஃப்ரெய்ட்டும் டூட்டியும் சேந்து கண்ணைக் கட்டும், முன் துண்டு மட்டும்னா பரவால்ல. மச்சான் அடுத்த தடவை ஏதாவது அனுப்பும்போது இத சேத்து அனுப்பச் சொல்லுங்க, ஆனா இந்த தடவை வருஷத்தை சொல்லி, "ட்வின் டௌன் பைப்"னு எழுதியே கொடுத்துடுங்க.

வெயிட் பண்ண முடியாதுன்னா இங்கயே செஞ்சுக்கலாம், வடசென்னைல பைப் வளைக்க ஆளுக்கா பஞ்சம். பழைய டௌன் பைப்போட ஃபிளாஞ்ச், அதான் மேனிஃபோல்டோட சேக்குற தட்டு, ரெண்டும் இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, பைப் மக்கினாலும் ஃபிளாஞ்ச் கனமான இரும்பு, சுத்தம் பண்ணினா நல்லாவே இருக்கும், ஒவ்வொன்னுலயும் 3 ஸ்டட் ஓட்டை சரியா இருக்கும். ஃபிளாஞ்சை மேனிஃபோல்டுல மாட்டிட்டு 3 எம்எம் கம்பிய அதுல இருந்து ஆரம்பிச்சு, ஸ்டார்ட்டர் மோட்டார், சேசிஸ், வயர் எதுலயும் படாம கியர்பாக்ஸ் பக்கம் வரைக்கும் வளைச்சு எடுங்க. ஒரு வாய்க்கு ஒரு கம்பி. இந்த கம்பி தான் டெம்ப்ளேட், வண்டிய பட்டறைக்கு கொண்டு போக வேணாம், கம்பிய கொண்டு போனா போதும். பைப் வளைக்கிறவர் மெஷின்ல வளைச்சா நல்லது. மெஷின் இல்லாத பழைய பட்டறைன்னா பைப்புக்குள்ள மணல் அடைச்சு, ரெண்டு பக்கமும் மூடி, காஸ்ல பழுக்க வச்சு வளைப்பாங்க. அதுல பைப் நசுங்காம அழகா வரும், ஆனா மணல் நல்லா வறுத்த காஞ்ச மணலா இருக்கணும், ஈர மணல்னா ஆவி கட்டிக்கிட்டு அடைப்பு துப்பாக்கி குண்டு கணக்கா பறக்கும், கிட்ட நிக்காதீங்க. ரெண்டு பைப்பையும் சேக்குற இடத்துல ஒன்னு மேல ஒன்னு டீ மாதிரி குத்த விடக்கூடாது, ரெண்டும் பக்கத்து பக்கத்துல வந்து சரிவா சேரணும். பட்டறைக்காரங்க வேலை சுலபமா முடியணும்னு நேரா ஓட்டை போட்டு குத்துவாங்க, கூட நின்னு பாருங்க.

பைப் சைஸ் விஷயம். ஒன்னே முக்காலும் ரெண்டும் கால் இன்ச் வித்தியாசம். பெரிய பைப்ப ரம்பத்துல கீறி, சின்னதுக்கு மேல சுத்தி, கிளாம்ப் போட்டு இறுக்குறது நம்மூர் வழக்கம், அந்த கீறல் வழியா கண்டிப்பா லீக் ஆகும், எவ்வளவு பேஸ்ட் தடவினாலும் ஒரு மாசம் தாங்காது. லேத்ல ஒரு ஸ்லீவ் கடைஞ்சுக்கோங்க, ஒரு பக்கம் ஒன்னே முக்கால் மேல உக்காரணும், இன்னொரு பக்கம் ரெண்டு இன்ச்சுக்குள்ள போகணும், ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை இன்ச்சாவது உள்ள போகணும். சின்ன வேலை, லேத் பட்டறைல டீ குடிக்கிற நேரத்துல முடிச்சுக் கொடுத்துடுவாங்க. யூ போல்ட் கிளாம்ப் இறுக்கினா பைப்ப நெளிச்சு பள்ளம் ஆக்கிடும், அப்புறம் கழட்டவே வராது, பட்டையா சுத்திப் பிடிக்கிற பேண்டு கிளாம்ப் கிடைச்சா அதைப் போடுங்க.

"ரெண்டு இன்ச் பெருசாச்சே, பேக் பிரஷர் குறைஞ்சு பவர் போயிடும்"னு யாராவது வந்து சொல்லுவாங்க. இன்ஜினுக்கு பேக் பிரஷர், அதாவது புகைய திருப்பித் தள்ளுற அழுத்தம், தேவையே இல்ல. தேவை என்னன்னா புகை வேகமா போகணும், ஒரு தடவை போன புகை அடுத்ததை இழுத்துட்டுப் போகணும். ரொம்ப பெரிய பைப்னா புகை வேகம் குறையும், கீழ் ஆர்பிஎம்ல கொஞ்சம் மந்தம் தெரியும், அதுவும் முன்னாடியே பெருசா இருந்தா தான். ரெண்டு பைப்பும் சேந்ததுக்கு அப்புறம் ரெண்டு இன்ச் போறது இந்த இன்ஜினுக்கு ஒன்னும் பண்ணாது.

மாட்டுறதுக்கு முன்னாடி வந்த சைலன்சர் நல்லதான்னு பாத்துக்கோங்க, செகண்ட் ஹேண்டு சரக்கு வெளிய பெயின்ட் பளபளன்னு இருக்கும். ஸ்பேனர் பின்பக்கத்தால தட்டுங்க, கணீர்னு கேட்டா தகடு இருக்கு, டப்புன்னு செத்த சத்தம் வந்தா உள்ள மக்கிருக்கு. குலுக்குங்க, உள்ள கடகடன்னா பஃபிள்ன்ற தடுப்புத் தகடு கழண்டிருக்கு, அது ஒரு நாள் திரும்பி குறுக்க நின்னு வழிய அடைக்கும். தையல் ஓரமா ஸ்க்ரூ டிரைவர வச்சு அழுத்துங்க, உள்ள போச்சுன்னா காயலான் கடைக்கு எடை போட்டுக்கலாம், மச்சான் கிட்ட மட்டும் சொல்லாதீங்க.

இப்ப மாட்டுற முறை. வண்டிய ஜாக்கில தூக்கினா கீழ ஸ்டாண்ட் வைங்க, செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் வேணாம், பிளாக் ஒரே அடியா பொடியாகும். முன்னாடி இருந்து ஆரம்பிச்சு பின்னாடி போகணும், எதையும் முழுசா இறுக்கக் கூடாது. மேனிஃபோல்டுல புது கேஸ்கெட், பித்தளை நட்டு, கை இறுக்கம் மட்டும். அடுத்து கியர்பாக்ஸ் பக்கத்துல பைப்ப பிடிக்கிற பிராக்கெட், இது ரொம்ப முக்கியம், இத விட்டா முழு சைலன்சர் வெயிட்டும் அந்த 6 ஸ்டட்ல தொங்கும், ஒன்னு ஸ்டட் ஒடியும், இல்ல மேனிஃபோல்டே விரிசல் விடும். இன்ஜின் ரப்பர் மௌன்ட்ல ஆடுற சாமான், ஆக்சிலரேட்டர் குடுத்தா பக்கவாட்டுல சாயும், அதனால பின்னாடி ஹேங்கர் எல்லாம் ரப்பரா தான் இருக்கணும். ஹேங்கர் இடத்துக்கு வரலன்னு நேரா கம்பிய வெல்ட் பண்ணி சேசிஸோட ஒட்டிட்டா இன்ஜின் ஆடும்போது எங்கயாவது பிச்சுக்கும், அதுக்கு முன்னாடி கார் முழுக்க உறுமல் கேக்கும். வண்டியில ஏற்கெனவே ஹேங்கர் இருக்குற இடத்த மாத்தாதீங்க, சைலன்சர்ல இருக்குற காதுகள வெட்டி, வண்டியோட ஹேங்கருக்கு நேரா புதுசா வெல்ட் பண்ணுங்க. பாடிய ஓட்டை போடுறது கடைசி வழியா கூட வேணாம்.

எல்லாம் லூஸா தொங்குறப்பவே ஒரு தடவை வண்டிய சக்கரத்துல இறக்கி, ரெண்டு பேர உள்ள உக்கார வச்சு பின் ஆக்சிலுக்கும் பைப்புக்கும் எவ்வளவு இடம் இருக்குன்னு பாருங்க, அது பள்ளத்துல மேல வரும்போது இடிக்கக் கூடாது. பிரேக் பைப், பெட்ரோல் லைன், வயர் எதுவும் ஒரு இன்ச்சுக்குள்ள இருக்கக் கூடாது. சரியா வந்துச்சுன்னா சாக்பீஸ்ல குறி போட்டு, வண்டியிலயே டேக், அதான் புள்ளி புள்ளியா வெல்டிங், மட்டும் வச்சுக்கோங்க, முழு வெல்டிங் கழட்டி கீழ வச்சு தான். டேக் வைக்கிறதுக்கு முன்னாடி பேட்டரிய கழட்டுங்க. உங்க வண்டில சீட்டுக்குப் பின்னாடி ரெண்டு 6 வோல்ட் பேட்டரி இருக்கணும், 67 மாடல்ன்றதால பாசிட்டிவ் எர்த்தா, அதாவது பேட்டரியோட பிளஸ் பாடியோட சேந்து, இருக்க வாய்ப்பு அதிகம், திரும்ப மாட்டும்போது மாத்தி மாட்டிடாதீங்க. டிக்கிக்கு அடியில பெட்ரோல் டேங்க் இருக்குன்றதையும் வெல்டருக்கு ஒரு தடவை காட்டிடுங்க, எல்லா வண்டியும் அவருக்கு ஒன்னு தான்.

கடைசியா முன்னாடி இருந்து பின்னாடி வரிசையா இறுக்கிட்டு, ஒரு தடவை நல்லா சூடாக விட்டு, ஆறினதும் பித்தளை நட்டு ஆறையும் திரும்ப ஒரு பிடி. அப்புறம் எஸ்யூ கார்புரேட்டர்ல பெட்ரோல்-காத்து கலவைய பாத்தே ஆகணும், பழைய மக்கின சைலன்சருக்கு செட் பண்ணது இப்ப ஒத்து வராது. கார்புரேட்டர் அடியில இருக்குற சின்ன பின்ன லேசா தூக்குங்க, கார்புரேட்டருக்குள்ள இருக்குற பிஸ்டன் ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மியா தான் எழும்பணும். இன்ஜின் வேகம் கூடி அப்படியே நின்னா ரிச் (பெட்ரோல் ஜாஸ்தி), இறங்கி ஆஃப் ஆகப் பாத்தா லீன் (பெட்ரோல் கம்மி), லேசா கூடி உடனே பழைய இடத்துக்கு வந்தா கரெக்ட். ரெண்டு கார்புரேட்டருக்கும் தனித்தனியா.

கேள்வி: மேல பெரம்பூர்காரர் வண்டி விஷயம் எனக்கும் தெரியும், நான் தான் அவருக்கு ஐடியா குடுத்தேன். அம்பாஸிடர் இன்ஜினும் எம்ஜி இன்ஜினும் ஒரே குடும்பம் தானே, அம்பாஸிடர் மேனிஃபோல்டு புதுப்பேட்டைல கிடைக்குது, அது ஒத்தை வாய், அத மாட்டிட்டா அமெரிக்கா பைப் நேரா சேருமே?
கொடுங்கையூர் வாசகர்

பதில்: குடும்பம் ஒன்னு தான், நீங்க சொன்னது கரெக்ட். பழைய அம்பாஸிடர்ல இருந்த 1489 சிசி பிஎம்சி இன்ஜின் பி சீரிஸ், எம்ஜிபிக்கு முந்தின எம்ஜிஏவுல ஆரம்பத்துல ஓடினதும் அதே 1489 சிசி, எம்ஜிபில அதையே பெருசாக்கி 1798 ஆக்கினாங்க. அதனால தான் நம்மூர்ல எம்ஜி வச்சிருக்கவங்க யாரும் அம்பாஸிடர் மெக்கானிக்க பகைச்சுக்க மாட்டாங்க. ஆனா அம்பாஸிடர் மேனிஃபோல்டு ஒத்தை கார்புரேட்டர் வண்டிக்கு செஞ்சது, இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் சேந்து உக்காரும். அத மாட்டினா ட்வின் எஸ்யூவ எங்க வைப்பார்? ஒரு பைப்புக்காக மேனிஃபோல்டு மாத்தி, மேனிஃபோல்டுக்காக கார்புரேட்டர் மாத்தி, கார்புரேட்டருக்காக லிங்கேஜ் மாத்தி, கடைசில ஸ்போர்ட்ஸ் கார் டாக்ஸி மாதிரி இழுக்கும். ஐடியா குடுத்ததுக்கு நன்றி, ஆனா வேணாம்.

கேள்வி: என் கிட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருக்கு. வீடு கல்மண்டபம் பக்கம். எத்தனை சைலன்சர் போட்டாலும் ரெண்டு வருஷத்துல ஓட்டை. கடல் காத்து தான் காரணமா? ஞாயித்துக்கிழமை மட்டும் காசிமேடு போயி மீன் வாங்கிட்டு வருவேன், மத்தபடி வண்டி நிழல்ல தான் நிக்குது.
ராயபுரம் வாசகர்

பதில்: சார், கடல் காத்து வெளிய இருந்து தின்னுது, உண்மை தான், ஆனா உங்க சைலன்சர முதல்ல தின்னுறது அந்த மீன் வாங்குற ட்ரிப். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி உண்டாகுது, நம்ப முடியாது ஆனா அது தான் கணக்கு, பெட்ரோல்ல இருக்குற ஹைட்ரஜன் காத்துல இருக்குற ஆக்ஸிஜனோட சேந்து ஆவியா வெளிய வருது. சைலன்சர் நல்லா சூடானா ஆவி ஆவியாவே போயிடும். கல்மண்டபத்துல இருந்து காசிமேடு எவ்வளவு தூரம், சைலன்சர் சூடாகுறதுக்குள்ள மார்க்கெட் வந்துடும், ஆவி எல்லாம் உள்ளயே தண்ணியா நின்னு, புகையில இருக்குற அமிலமும் அதுல கரைஞ்சு, அடுத்த ஞாயிறு வரைக்கும் ஊறும். அதான் உள்ள இருந்து மக்குது. வாரத்துல ஒரு தடவை ஜிஎன்டி ரோடு பிடிச்சு செங்குன்றம் வரைக்கும் போயிட்டு வாங்க, வண்டிக்கும் நல்லது உங்களுக்கும் நல்லது. சைலன்சர்ல இருக்குறதுலயே தாழ்வான இடத்துல 3 எம்எம் ஓட்டை ஒன்னு போட்டு விடுங்க, தண்ணி வடியும், சத்தத்துல வித்தியாசம் தெரியாது. அடுத்த தடவை ஸ்டெயின்லெஸ் போடுறதா இருந்தா போடுங்க, உங்க ஓட்டத்துக்கு அது தான் லாபம். ஹெரால்டு நம்ம மெட்ராஸ்லயே செஞ்ச வண்டி, அந்த பாசத்துல சொல்றேன், நிறுத்தி வைக்காதீங்க.

கேள்வி: அந்த காலத்துல சோழவரம் ரேஸ்ல ஓடின கார் மாதிரி சத்தம் வேணும். என் பத்மினில சைலன்சர கழட்டிட்டு நேரா பைப் விட்டா வருமா?
தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: வராது. சத்தம் வரும், அந்த சத்தம் வராது. சோழவரம் ஏர்ஸ்ட்ரிப்ல ஓடினதெல்லாம் கேம், கம்ப்ரஷன், கார்புரேட்டர்னு உள்ள இருந்து வேலை பாத்த வண்டி, பின்னாடி பைப் மட்டும் பிச்சு எறிஞ்சது இல்ல. அது பந்தய மைதானம், நீங்க ஓட்டப் போறது திருவொற்றியூர் ஹை ரோடு, ரெண்டு பக்கமும் வீடு, ஸ்கூல், ஆஸ்பத்திரி. மத்திய மோட்டார் வாகன விதி 120 சைலன்சர் இருந்தே ஆகணும்னு சொல்லுது, 2019 திருத்தத்துக்கு அப்புறம் சத்தம், புகை விதிய மீறினா முதல் தடவையே 10,000 ரூபாய் வரைக்கும் ஃபைன் போட முடியும். அந்த காசுல ரெண்டு நல்ல சைலன்சர் வாங்கலாம்.

கேள்வி: அண்ணா, எங்க வீட்டுக்காரர் பழைய ஓப்பன் கார் ஒன்னு ரெடி பண்ணி வச்சிருக்கார், மேல டாப் போட்டுட்டு போனா எனக்கும் பொண்ணுக்கும் அரை மணி நேரத்துல தலைவலி, பொண்ணு தூங்கிடுறா. அவருக்கு ஒன்னும் இல்ல, "உனக்கு பெட்ரோல் வாசனை ஒத்துக்கல"ன்றார். ஏதாவது ஸ்ப்ரே இருக்கா?
வியாசர்பாடி வாசகி

பதில்: அம்மா, ஸ்ப்ரே வேணாம், சரி பண்ற வரைக்கும் அந்த வண்டியில நீங்களும் குழந்தையும் ஏறாதீங்க. வீட்டுக்காரர் கிட்ட இந்த பக்கத்த அப்படியே காட்டுங்க.

தலைவலியும் தூக்கமும் சேந்து வந்தா நான் முதல்ல சந்தேகப்படுறது கார்பன் மோனாக்சைடு. அதுக்கு நிறமும் இல்ல வாசனையும் இல்ல, அதனால வாசனைய வச்சு ஒன்னும் கண்டுபிடிக்க முடியாது. சின்ன குழந்தைக்கு சீக்கிரம் ஏறும். டாப் போட்ட ஓப்பன் காருக்குப் பின்னாடி வண்டி ஓடும்போது காத்து சுழன்டு உள்பக்கமா இழுக்கும், டெய்ல் பைப் பம்பருக்கு உள்ளயே முடிஞ்சா, இல்ல டிக்கி ரப்பர் கிழிஞ்சிருந்தா, புகை நேரா உள்ள வரும். டிரைவர் பக்க கண்ணாடி இறங்கி இருந்தா அவருக்கு கம்மியா தெரியலாம், அதுக்காக அவருக்கு ஒன்னும் ஆகலன்னு அர்த்தம் இல்ல.

பாக்கணும்னா இன்ஜின் குளிர்ந்து இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, ஒருத்தர் தடியான ஈரத்துணிய மடிச்சு டெய்ல் பைப்ப லேசா, ஒரு சில நொடி மூடணும், இன்னொருத்தர் முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் காதை வச்சு கேக்கணும், வெட்ட வெளியில வச்சு தான் செய்யணும், ஷெட்டுக்குள்ள வேணவே வேணாம். புஸ் புஸ்ஸுன்னு எங்க கேக்குதோ அங்க லீக். ஜாயின்ட்ல கரி படிஞ்சிருக்கும், அதுவும் அடையாளம். குளிர்ல டிக் டிக்குனு கேட்டு சூடானதும் நின்னுடுச்சுன்னா மேனிஃபோல்டு கேஸ்கெட், இரும்பு சூட்டுல விரிஞ்சு மூடிக்குது, நின்னுடுச்சேன்னு விட்டுடக் கூடாது. டெய்ல் பைப்ப பாடிய தாண்டி வெளிய நீட்டுங்க, டிக்கி ரப்பர், தரையில இருக்குற ஓட்டைக்கு ரப்பர் குரோமெட், எல்லாம் புதுசா போடுங்க. தலைவலியோட வாந்தி, தலைசுத்தல் வந்தா வண்டிய நிறுத்தி வெளிய வந்துடுங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க, வேற வண்டியில.

கேள்வி: பொல்யூஷன் டெஸ்ட்ல என் பழைய பெட்ரோல் கார் போன தடவை ஃபெயில், சைலன்சர்ல ஓட்டை விழுந்ததுக்கு அப்புறம் பாஸ். அப்ப ஓட்டை நல்லது தானா?
மாதவரம் வாசகர்

பதில்: நல்லா சிரிச்சேன். ஓட்டை வழியா வெளிக்காத்து உள்ள கலந்து புகைய நீர்த்துப் போக வைக்குது, மெஷின் பின்னாடி இருந்து உறிஞ்சும்போது சிஓ, அதான் கார்பன் மோனாக்சைடு, கம்மியா காட்டுது. பழைய பெட்ரோல் காருக்கு ஐடிலிங்ல 3 சதவீதம் வரைக்கும் இருக்கலாம், ஓட்டைய அடைச்சிட்டு கார்புரேட்டர சரி பண்ணா ஒழுங்காவே அதுக்குள்ள வரும்.

கேள்வி: 50 வருஷம் தாண்டின வண்டிய விண்டேஜ்னு பதிவு பண்ணா சைலன்சர் மாத்தினதுக்கு பிரச்சனை வருமா?
பெரியமேடு வாசகர்

பதில்: 2021-ல வந்த விதி தான் அது, நம்பர் பிளேட்ல விஏன்னு வரும், புது பதிவுக்கு 20,000 ரூபாய். சேசிஸ், பாடி, இன்ஜின் இதுல பெருசா கை வைக்காம ஒரிஜினலா இருக்கணும்னு தான் கேக்குறாங்க. சைலன்சர் தேயுற சாமான், மாத்தித் தான் ஆகணும். ஆனா அப்படி பதிவு பண்ணா தினமும் ஆபீஸ் போக ஓட்ட முடியாது, அத யோசிச்சுக்கோங்க.

கேள்வி: நான் வெல்டர். கஸ்டமர் ஒருத்தர் பழைய காருக்கு தண்ணி லைன் ஜிஐ பைப்புலயே எக்ஸாஸ்ட் செஞ்சு தரச் சொன்னார், காசு கம்மி, கனமா இருக்குன்னு. செஞ்ச அன்னிக்கு ராத்திரி எனக்கு குளிர் ஜுரம், மலேரியான்னு பயந்துட்டேன், காலைல சரியாப் போச்சு. சம்பந்தம் இருக்கா?
கொருக்குப்பேட்டை வாசகர்

பதில்: இருக்கு. ஜிஐ மேல இருக்குற துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டுல வெள்ளைப் புகையா வரும், அத உள்ள இழுத்தா சில மணி நேரம் கழிச்சு குளிர், ஜுரம், உடம்பு வலி எல்லாம் வரும், பெரும்பாலும் ஒரு நாள்ல இறங்கிடும். பால் குடிச்சா சரியாகும்னு பட்டறைல சொல்லுவாங்க, அத நம்பி திரும்ப செய்யாதீங்க, மூச்சு முட்டினாலோ ஜுரம் இறங்கலன்னாலோ டாக்டர பாருங்க. காருக்கும் அது தேவையில்லாத வெயிட், ஹேங்கர் தாங்காது. 16 கேஜ் எம்எஸ் (பூச்சு இல்லாத சாதா இரும்பு) பைப் வாங்கச் சொல்லுங்க, ஒன்னரை மில்லிக்கு கொஞ்சம் மேல தடிமன், எக்ஸாஸ்ட்டுக்கு அது போதும். ஆர்க்ல அடிச்சா ஓட்டை விழும், சிஓடூ வெல்டிங்ல அடிங்க, இல்லன்னா காஸ் வெல்டிங். பழைய கேஸ்கெட்ட சுரண்டுற வேலை வந்தா தண்ணி தெளிச்சு சுரண்டுங்க, அந்த கால கேஸ்கெட்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், காத்து அடிச்சு ஊதாதீங்க. ஜிஐ தான் வேணும்னு கஸ்டமர் அடம் பிடிச்சா வேலைய விட்டுடுங்க.